பெருங்களத்தூர் ஹெரால்டும் திண்டிவனத்து லோட்டஸும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உருப்படியா பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். உருப்படியாக நான் செய்த ஒரே காரியம் ஒரு கார் கட்டியதுதான். 1981-இல் இங்கே இயற்பியல் முடித்தேன். அதன்பிறகு பள்ளி ஆசிரியர் வேலை, இப்போது ஓய்வு. திண்டிவனத்தில் என் வீட்டுப் பின்பக்கம் மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தில், ஆறு ஆண்டுகளுக்கு மேலாக, 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் நகலைக் கட்டிவருகிறேன். அந்தக் காலத்துப் பாகங்களையே தேடிப் போட்டுக் கட்டுவது என்பது என் பிடிவாதம். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை மேடையில் சொல்ல வேண்டாம்.

லோட்டஸ் செவனைப் பற்றி முதலில் நாலு வார்த்தை. காலின் சாப்மன் என்ற இளம் எஞ்சினியர் 1957-இல் வெளியிட்ட கார் இது. கதவு கிடையாது, கூரை என்று சொல்ல ஒரு துணிதான். நீளம் சுமார் 11 அடி, எடை ஏறக்குறைய 450 கிலோ. நம் அம்பாசிடர் ஒரு டன்னுக்கும் மேல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சின்னதுதான், ஆனால் தூக்க வேண்டிய பாரமே இல்லையே! விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் என்று இதே வளாகத்தில்தான் படித்தோம். சாப்மன் அந்த வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணைக் குறைத்தார், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. அதனால் செவனைப் பெட்டி பெட்டியாக விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்வதற்கென்றே பிறந்த கார் என்று சொல்லலாம். 1973-இல் அதன் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் வாங்கியது, இன்னும் தயாரிக்கிறார்கள். 1996-இல் ரான் சாம்பியன் என்பவர் இதைப் போன்ற காரைக் குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கி, பிரித்து, அதன் உறுப்புகளைக் கம்பிக் கூண்டில் பூட்டுவது அவர் வழி. அதைப் பார்த்துப் பல நாடுகளில் கட்டினார்கள். நமக்கு எஸ்கார்ட்டுக்கு எங்கே போவது?

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. சாப்மனிடம் பணம் இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் சொந்தமாகச் செய்ய முடியாது. ஆகவே பிற கம்பெனிகளின் சாதாரணக் குடும்பக் கார்களிலிருந்து உறுப்புகளை எடுத்துக்கொண்டார். 1960-இல் வந்த இரண்டாம் வரிசைச் செவனில் ஸ்டியரிங் ரேக் எந்தக் காருடையது தெரியுமா? ட்ரையம்ப் ஹெரால்டு. பின் அச்சு? ஸ்டாண்டர்டு கம்பேனியன், அதாவது ஸ்டாண்டர்டு டென் காரின் எஸ்டேட் வடிவம். முன் சக்கரத்தைத் தாங்கும் உறுப்பும் ட்ரையம்ப் வகைதான். சக்கரம் 13 அங்குலம், ஹெரால்டுக்கும் அதே 13 அங்குலம். இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த ஹெரால்டு நம்ம ஊர் வண்டி!

தம்பி தங்கைகளுக்குத் தெரிந்திருக்காது. ஜி.எஸ்.டி. சாலையில் சென்னைக்குப் போகும்போது வண்டலூர் தாண்டிப் பெருங்களத்தூர் பக்கம் இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்க்கிறீர்கள் அல்லவா, அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1950-களில் வான்கார்டு, டென், பென்னன்ட் என்று தொடங்கி, 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட், சென்னைக்கு ஹெரால்டு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டாக்டர், வக்கீல் வீட்டு வாசல்களில் அது நின்றதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். 1972-இல் அதையே கொஞ்சம் மாற்றி கெசல் என்று விட்டார்கள், 1977 வரை ஓடியது. கடைசியாக ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் 1985-இல் வந்து, 1988-ஓடு எல்லாம் முடிந்தது.

ஹெரால்டு ஏன் நகல் கட்டுபவனுக்கு வரப்பிரசாதம் என்றால், அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. 1959-இல் பெரும்பாலான கார்கள் உடலும் சட்டமும் ஒன்றாகிவிட்ட காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் பழைய முறைக்குத் திரும்பியதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, வியாபாரச் சண்டை. அவர்களுக்கு உடல் பாகம் அடித்துக்கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. பெரிய உடலை ஒரே இடத்தில் அடிக்க ஆள் இல்லை. சிறு சிறு துண்டுகளாக வெவ்வேறு இடத்தில் அடித்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். முன்மூடி மொத்தமும் முன்னால் சாயும், எஞ்சின் பக்கத்தில் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்தில் வண்டி திரும்பிவிடும், ஆட்டோக்காரரே அசந்துபோவார். அதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். ஆக, நம் டாக்டர் வீட்டுக் காருக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எப்போதும் ஒளிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

எனக்கு 2018-இல் விழுப்புரத்தில் ஒரு காயலான் கடையில் ஹெரால்டு ஒன்று கிடைத்தது. கிடைத்தது என்றால், மேலே வேலிக்காத்தான் முளைத்துக் கிடந்தது. தரை இல்லை, கதவு இல்லை, சேஸிஸின் பக்கக் கைகள் துரு தின்று போயிருந்தன. கடைக்காரர் விலையெல்லாம் பேசவில்லை. "சார், இதுல பேசறதுக்கு இன்னா கீது? எடை போட்டுக்கலாம்" என்றார். கிலோ கணக்கில் கார் வாங்கிய ஆள் இந்த அவையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதில் தேறியவை ஸ்டியரிங் ரேக், முன் சஸ்பென்ஷன், நான்கு ரிம், கியர்பாக்ஸ், எஞ்சின் பிளாக். பின் பக்கம் உதவாது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஊஞ்சல் போல ஆடும் அமைப்பு. வேகமாக வளைவில் போனால் வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். செவனுக்கு ஒரே நேர் அச்சு வேண்டும். கம்பேனியனுக்கு எங்கே போக? கெசல் கைகொடுத்தது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் வாங்கியவர்களுக்கும் அந்த ஊஞ்சல் அச்சு பிடிக்காததால் கெசலில் நேர் அச்சே போட்டுவிட்டார்கள். புதுச்சேரியில் ஒரு பட்டறையில் கெசல் அச்சு ஒன்று ஜாக்கி வைக்கும் முட்டுக் கட்டையாகக் கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள், பதிலுக்கு ஒரு நல்ல கருங்கல் கொடுத்தேன். திண்டிவனத்துக்காரனிடம் கருங்கல்லுக்கா பஞ்சம்!

கூண்டுதான் பெரிய வேலை. ஒரு அங்குலக் குழாய், பதினெட்டு கேஜ். முதலில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறைக்குத்தான் போனேன். அவர்கள் ஆர்க் வெல்டிங் வைத்தால் அந்த மெல்லிய குழாயில் ஓட்டை விழுகிறது. லோட்டஸ் கூண்டுகளை அந்தக் காலத்தில் பித்தளைக் கம்பி உருக்கிப் பற்றவைத்தார்கள், பிரேசிங் என்பார்கள். இதை இங்கே யார் செய்வார்கள் என்று தேடினால், கடைசியில் மயிலம் சாலையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு சைக்கிள் கடை மேஸ்திரி. உடைந்த சைக்கிள் பிரேமை வாழ்நாள் முழுக்க ஒட்டியவர். படத்தைப் பார்த்துவிட்டு, "இது நாலு சைக்கிள சேத்து வெச்ச மாதிரி கீது சார், அவ்ளோதானே?" என்றார். அதைவிடச் சரியாக அந்தக் காரை யாரும் விவரித்ததில்லை. பதினோரு மாதம், மாலை வேளையில் மட்டும் வந்து செய்து கொடுத்தார்.

மூக்கும் மட்கார்டும் இரண்டாம் வரிசைச் செவனில் ஃபைபர். அதற்கும் அலையவில்லை. மரக்காணம் கரையில் கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்து எத்தனை வருஷமாகிறது! படகு செய்யும் தம்பிகள் அச்சைப் பார்த்துவிட்டு, "மூக்கு ஓவர் திக்கா வேணுமா, அலை அடிக்குமா?" என்று கேட்டார்கள். அலை அடிக்காது என்றதும் பாதி விலைக்குச் செய்துகொடுத்தார்கள்.

மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம் முன் சக்கரம். ஹெரால்டின் முன் சக்கரத் தாங்கி கீழ்முனையில் ட்ரன்னியன் என்ற வெண்கல உறுப்புக்குள் மரை போலத் திரும்பும். இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அந்த மரைக்குள் கீழ்வரை இறங்காது. தண்ணீர் தங்கி, துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் தாங்கி முறிந்து சக்கரம் படுத்துவிடும். உலகம் முழுக்க ஹெரால்டுக்கு வந்த கெட்ட பெயரில் பாதி இதனால். சர்வீஸ் ஸ்டேஷனில் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது நம் பழக்கம். யாரையும் குறை சொல்லவில்லை, கையேடு ஆங்கிலத்தில் இருந்தது, கையேட்டை முதலாளி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். என் வண்டிக்குப் புது ட்ரன்னியனை லேத்தில் கன்மெட்டலில் கடைந்து போட்டிருக்கிறேன்.

'அந்தக் காலத்துப் பாகம்' என்று சொல்கிறேனே, அதில் ஒரு வாதம் உண்டு. செவனில் பெரும்பாலும் ஃபோர்டு எஞ்சின்தானே, ஹெரால்டு எஞ்சின் போட்டால் அது எப்படி அசல் நகல் என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இது. செவனிலேயே பி.எம்.சி.யின் 948 சி.சி. எஞ்சின் போட்ட வண்டிகளும் விற்றன. ஹெரால்டு எஞ்சினும் 948 சி.சி., சக்தியும் நாற்பது குதிரைக்கு உள்ளே, கிட்டத்தட்ட அதே அளவு. சாப்மன் 1960-இல் சென்னையில் இருந்திருந்தால் எதைப் போட்டிருப்பார்? கைக்கு எட்டியதைத்தான். டைனமோவும் ஸ்டார்ட்டரும் லூகாஸ், ஆனால் பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தயாரித்தது. பிரேக் சிலிண்டர் கெர்லிங், அதுவும் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் சரக்கு. எனவே என் வண்டியில் லண்டனிலிருந்து வந்தது ஒரு சாமானும் இல்லை, ஆனால் லண்டன் செவனில் இருந்த பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. இன்று சென்னையைக் கார் நகரம் என்கிறோம். ஹூண்டாய் வருவதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்பே இந்த உறுப்பு ஆலைகள் வேர் பிடித்துவிட்டன. புதுப்பேட்டையில் அந்த முத்திரை பொறித்த ஒரு சிலிண்டரைத் தேடிப் பிடிக்கும்போது எனக்கு அந்த வரலாறு கையில் கனக்கிறது.

இனி, எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

எஞ்சின் பிளாக்கைக் கழுவிப் பார்த்தபோது தண்ணீர் ஓடும் அறையின் சுவரில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அந்த வாரமே, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பர் (பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், பின்வரிசையில்தான் இருக்கிறார்) போன் செய்தார். விழுப்புரத்தில் அவர் அப்பா டாக்டர். அவர் வாங்கிய 1968-ஆம் வருட ஹெரால்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஷெட்டில் தூங்குகிறது. அப்பா காலமாகிவிட்டார். "எஞ்சின எடுத்துக்கோடா, மிச்சத்த காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றார்.

போய்ப் பார்த்தேன். டயர் நான்கும் தரையோடு தரையாக இருந்தாலும் தகடு ஒன்றும் அழுகவில்லை. எஞ்சினைக் கையால் சுற்றினேன், சுற்றியது. எனக்கு வேண்டியதெல்லாம் அங்கே முழுசாக, இலவசமாக! உண்மையைச் சொல்கிறேன், ஸ்பானர் பெட்டியைக் கையோடுதான் கொண்டுபோயிருந்தேன். அப்போது அவருடைய அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "தம்பி, இதுலதான் மயிலம் பங்குனி உத்திரத்துக்குப் போவோம். பின் சீட்ல உன் சிநேகிதன் வாந்தி எடுப்பான்" என்றார்கள். வெட்டாதே என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரியாத தலைமுறை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் கார் கட்டும் ஆசை உள்ள மாணவர்கள் இங்கே இருப்பார்கள். என் செவன் சாலையில் ஓட முடியாது. புது வண்டி என்றால் அதன் மாதிரியை அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் தேர்ச்சி பெறவைக்க வேண்டும், தனி ஆளுக்கு அது கட்டுபடியாகாது. பழைய ஹெரால்டின் ஆர்.சி. புத்தகத்தை வைத்து ஓட்டலாம் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுபக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். தினசரி ஓட்ட முடியாது, ஆனால் கண்காட்சி, பேரணி இவற்றுக்கு எடுத்துப் போகலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த 1968 ஹெரால்டு முழுசாக நின்றால் அதற்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. அதன் எஞ்சினைக் கழற்றி என் கூண்டில் வைத்தால், ஓடத் தகுதியுள்ள ஓர் அசலைக் கொன்று, ஓடவே முடியாத ஒரு நகலுக்கு உயிர் கொடுத்ததாகும். பெருங்களத்தூரில் இனி இன்னொரு ஹெரால்டு யாரும் செய்யப்போவதில்லை. என் கூண்டை வேண்டுமானால் மேஸ்திரி நாளைக்கே இன்னொன்று செய்வார்.

நான் அதைத் தொடவில்லை. என் பிளாக்கைச் சென்னைக்கு எடுத்துப்போய் ஸ்டிச்சிங் போட்டேன். விரிசல் நெடுகத் துளை போட்டு, மரையுள்ள ஆணிகளை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வரிசையாக இறக்கி, தேய்த்து மட்டம் செய்வார்கள். வார்ப்பிரும்பைச் சூடாக்கி வெல்டிங் வைத்தால் விரிசல் இன்னும் ஓடும் என்பதால் இந்த வழி. எட்டு மாதம் போயிற்று, ஹெரால்டையே நாலு தடவை எடை போட்டு வாங்கியிருக்கலாம், அவ்வளவு பணமும் போயிற்று. 2023 பொங்கலுக்கு மறுநாள் வண்டி உறுமியது. விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு நண்பரின் மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லில் நெல் உலர்த்தும் சிமெண்டுக் களம் இருக்கிறது, தனியார் இடம். அங்கே ஓட்டுகிறேன். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் போனாலே தரையில் உட்கார்ந்து பறப்பது போல் இருக்கும். தூசிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தான் ஆசை என்கிற மாணவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்திலேயே ஒரு காலத்தில் பந்தயம் நடந்தது. கோவையில் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேயே கட்டிக் காட்டினார். 1995-இல் விமான விபத்தில் மறைந்துவிட்டார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் ஓடுகளம் இருக்கிறது. இன்று எஞ்சினியரிங் மாணவர்கள் பாஜா, சுப்ரா போட்டிகளுக்கென்று தாங்களே வண்டி கட்டுகிறார்கள். இந்தக் கலைக் கல்லூரிப் பிள்ளைகளும் அவர்களோடு போய்க் கை வைக்கலாம், இயற்பியல் எல்லோருக்கும் பொது.

நண்பர் வீட்டு ஹெரால்டும் சும்மா இல்லை. பிரேக் ரப்பர் எல்லாம் மாற்றி, ரேடியேட்டரைக் கழுவி, நானும் அவரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் அதை நகரவைத்துவிட்டோம். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி பாடிக்கு பாசிட்டிவ் போகிற வண்டி, பேட்டரி மாட்டும்போது ஆளுக்கு ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறோம். ஆர்.சி. புத்தகம் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. வி.ஏ. பதிவுக்கு மனு போட்டிருக்கிறது. அம்மாவுக்கு எண்பத்தேழு வயது, மயிலம் எப்போது என்று வாரா வாரம் கேட்கிறார்கள். திருவிழாவுக்குப் போவது பேரணியில் சேருமா என்று வக்கீல் நண்பர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். என் வண்டியில் இருக்கும் கெசல் அச்சு தற்காலிகம்தான். உங்கள் வீட்டிலோ, உறவினர் தோட்டத்திலோ, மோட்டார் கொட்டகையிலோ ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் ஏதாவது செத்துக் கிடந்தால், பின் அச்சை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். முழுசாக, ஓடக்கூடிய நிலையில் இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். காயலான் கடைக்கும் சொல்ல வேண்டாம். சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள், என் நண்பரும் நானும் ஸ்பானர் பெட்டியோடு வந்து ஓட வைத்துக் கொடுக்கிறோம். காபி மட்டும் போதும்.